மலையில் வீடு கட்டி விற்கத் தனியார் கடன்: பல வருடம் வாங்கிப் பார்த்தவனின் அனுபவம்

கோத்தகிரியில் சின்ன அளவில் வீடு கட்டி விற்பது என் தொழில். ஏழெட்டு சென்ட் இடம் வாங்கி, ஒன்றோ இரண்டோ வீடு கட்டி, கோயம்புத்தூர், பெங்களூர், சென்னைக்காரர்களுக்குக் கொடுப்பேன். 2019-இல் இருந்து இதற்குப் பெரும்பாலும் தனியார் பணம்தான் ஓடுகிறது. கடன் பேச்சு எடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வட்டி?" என்றுதான், அதற்குப் பதில் கிடைத்ததும் மீதியை யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் வட்டிக்கு மூன்றாவது இடம். எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்பது முதலில். பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, அதாவது வட்டி ஓட ஆரம்பிக்கும்போது வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது.

வங்கிக்குப் போகக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியார் கட்டுநர் நிலம் வாங்க வங்கி பணம் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி போட்டு வைத்திருக்கும் விதி. கட்டுமானத்துக்குத் தரலாம், ஆனால் என் அளவு ஆட்களைப் பார்த்தால் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். நம்மிடம் வீடு வாங்குபவருக்கு அதே வங்கி தாராளமாக வீட்டுக் கடன் கொடுக்கும், அது வேறு விஷயம். ஆக நிலத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் கைப்பணம் அல்லது தனியார் பணம்.

நான் வாங்கிய இடங்கள் மூன்று வகை. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கும் ஒருவர், கீழே ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ், அப்புறம் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற ஒரு நிதி நிறுவனம்.

மண்டிக்காரரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொத்து மதிப்பீடு என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். முதல் தடவை இடம் பார்க்க வந்தபோது கூரை மட்டம் வரை வந்திருந்த வீட்டுக்குள் அவர் காலே வைக்கவில்லை. ரோட்டிலிருந்து இடம் வரை இறங்கி, திரும்ப ஏறினார். "லாரி திரும்புமாங்க தம்பி?" என்றார். திரும்பாது, பிக்கப்தான் வரும் என்றேன். "தண்ணி எங்கிருந்துங்க?" என்றார். பிறகு பின்பக்கத் தடுப்புச் சுவருக்குப் போய், தண்ணீர் வடிய விட்டிருந்த குழாய் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு குழாய் சிமெண்ட் வழிந்து அடைத்திருந்தது. "இதைக் குத்திவிட்டுட்டுப் போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் மண் சரிவில் போனார்கள், அதைப் பார்த்தவர்களுக்குச் சுவரின் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் முதல் பயம். நிதி நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தபோது நான்கு பக்கம் போட்டோ எடுத்தார், சதுர அடி அளந்தார், சுவர்ப் பக்கமே போகவில்லை, அறிக்கை மட்டும் பல பக்கம் வந்தது.

மண்டிக்காரரிடம் இரண்டு ரூபாய் வட்டி. நூற்றுக்கு மாதம் இரண்டு, அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். முன்வட்டி பிடிப்பதில்லை. புரோக்கர் கிடையாது. பத்திர ஒப்படைப்பு ஆவணம், அதாவது கடனுக்கு ஈடாகச் சொத்துப் பத்திரத்தைக் கொடுத்ததற்கான காகிதம், பதிவு செய்து அசல் பத்திரத்தை வைத்துக்கொள்வார், பணம் கட்டி முடித்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, கடன் தீர்ந்தது என்று அடமானத்தை நீக்கும் ரத்து ரசீதில் கையெழுத்துப் போட்டுவிடுவார். குறை என்றால், கிழங்கு வரத்து அதிகமாக இருக்கும் மாதங்களில் அவர் பணம் மண்டியிலேயே மாட்டிக்கொள்ளும். நமக்குத் தளம் போட வேண்டிய நேரத்தில் "ரெண்டு வாரம் பொறுங்க" என்பார். அந்த இரண்டு வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதை கந்தல்.

ஃபைனான்ஸ் ஆபீசில் கேட்டதும் பணம், அதே இரண்டு வட்டி என்றுதான் சொன்னார்கள். கணக்கைப் பாருங்கள். 20 லட்சம் கடனுக்கு மாதம் 40,000. மூன்று மாத வட்டி 1,20,000 முன்கூட்டியே பிடித்தம், புரோக்கருக்கு ஒரு சதவீதம் 20,000. கைக்கு வருவது 18 லட்சத்து 60 ஆயிரம், வட்டி ஓடுவது முழு 20 லட்சத்துக்கு. இன்னொன்று, பத்திரத்தில் ஒரு ரூபாய் வட்டிதான் எழுதுவார்கள், மீதி ஒரு ரூபாய் கையில். 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருப்பதால் இப்படி ஒரு ஏற்பாடு. இதில் வட்டி வாங்குபவரின் தந்திரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், கொடுக்கிற நமக்கு வரும் நஷ்டத்தை யாரும் சொல்வதில்லை. கையில் கொடுத்த வட்டியைச் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. காட்ட முடியாத செலவு லாபமாக நிற்கும், அந்த இல்லாத லாபத்துக்கு வருமான வரி கட்ட வேண்டும். அதையும் சேர்த்தால் இரண்டு வட்டி என்பது இரண்டே கால், இரண்டரை என்று போய் நிற்கும். போதாததற்கு, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் வருமான வரிச் சட்டப்படி கூடாது, மாட்டினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம். என் ஆடிட்டர் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டார்.

அந்த ஆபீசில் இரண்டாவது தடவை நான் எழுந்து வந்ததற்குக் காரணம் வட்டி இல்லை. இந்த முறை ஒப்படைப்பு ஆவணம் வேண்டாம், கிரயமே எழுதிக் கொடுங்கள், பணம் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறோம், தனியாக ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மலையில் இப்படி எழுதிக் கொடுத்து இடத்தை விட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தால்தான் அதை அடமானம் என்று கொள்ள முடியும். தனிப் பேப்பரில் எழுதினால் அது விற்பனை, அவ்வளவுதான். செலவும் பாருங்கள், கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், திரும்ப நம் பெயருக்கு வரும்போது இன்னொரு 9. ஒப்படைப்பு ஆவணத்துக்கு முத்திரைத் தீர்வை அரை சதவீதம்தான். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஒருவர் கிரயம்தான் வேண்டும் என்று நின்றால் அவர் கண் வட்டியில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதேபோலப் பொது அதிகாரப் பத்திரம், தொகை எழுதாத புரோ நோட்டு, கையெழுத்து மட்டும் போட்ட காசோலைகள் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. காசோலை கேட்பது வழக்கம்தான், அதில் தேதியும் தொகையும் எழுதி, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன். இதற்கு முகம் சுளித்தவர்களிடம் வாங்கியதில்லை.

நிதி நிறுவனத்துக்கு வருவோம். சொத்து அடமானக் கடன், எனக்குக் கிடைத்தது வருடத்துக்கு பதினைந்து சதவீதச் சொச்சம், காகிதத்தில் எல்லாம் சுத்தம், வட்டி முழுவதையும் கணக்கில் காட்டலாம். செயலாக்கக் கட்டணம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, வக்கீல் கட்டணம், கேட்காமலே சேர்த்த இன்சூரன்ஸ் எல்லாம் போட்டாலும் மண்டிக்காரரை விட மலிவு. அதற்கு ஈடாக நேரம் போகும். மலைச் சொத்து என்றதும் கோப்பு ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்து எழும்.

ஆனால் அங்கே பட்டது கடைசியில். வீடு பேசி முடிந்து, வாங்குபவருக்கு வங்கிக் கடனும் ஒப்புதல் ஆகி, நான் முழுத் தொகையும் கட்டி முடித்த பிறகு, முன்கூட்டி முடித்ததற்கு ஒரு கட்டணம் என்று புதிதாக ஒரு தொகையைக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன், கிளையில் ஒருவருக்கும் தெரியவில்லை, தலைமை அலுவலகம் என்றார்கள். அது தீரும்வரை ரத்து ரசீதுக்கு ஆள் வரவில்லை. வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கிறது, வாங்குபவரின் வங்கி பணம் விடமாட்டேன் என்கிறது, அவர் பெங்களூரிலிருந்து தினம் போன். கடன் அடைந்து 30 நாளுக்குள் ஆவணத்தைத் திருப்ப வேண்டும், தாமதத்துக்கு அவர்கள்தான் காரணம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவைக் காட்டினேன். அது தனிநபர் கடன்களுக்கு, உங்களுடையது தொழில் கடன் என்றார்கள். உத்தரவைப் படித்தால் அவர்கள் சொன்னதில் சாரம் இருந்தது, அதுதான் எரிச்சல். கடைசியில் எழுத்தில் புகார் போனதும் கட்டணத்தைக் கைவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில் முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி பெருமளவு கடிவாளம் போட்டிருக்கிறது, தொழில் கடனுக்கும் சேர்த்து. ஆனாலும் நிறுவனத்தின் வகையையும் கடன் தொகையையும் பொறுத்து மாறும். நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படிக்கத்தான் வேண்டும். நான் இப்போது ரத்து ரசீது எத்தனை நாளில் என்பதைக் கடிதமாக வாங்காமல் கையெழுத்தே போடுவதில்லை.

தேதி விஷயம்தான் மலையில் பெரிய விஷயம். சமவெளியில் இடம் வாங்கிய மறுவாரம் அஸ்திவாரம் தோண்டலாம். இங்கே 1990-இல் அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமமா என்று பார்க்க வேண்டும், வனத்துறை, சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் என்று தடையின்மைச் சான்றுக்கு அலைய வேண்டும், ஒரு மரத்தைத் தொட வேண்டுமென்றாலும் 1955-ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டட உயர வரம்பு 7 மீட்டர் என்பதால் கீழே செய்வது போல மாடி மேல் மாடி ஏற்றி ஈடுகட்டவும் முடியாது. இதற்கு நடுவில் மழை. எங்கள் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம்தான் ஆட்டி வைக்கும், கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலேயே வேலை நின்றுவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியபோது இங்கே மணல் ஏற்றி வர லாரிக்காரர் ஒருவரும் சம்மதிக்கவில்லை. வட்டிக்காரருக்கு இதெல்லாம் கணக்கில் கிடையாது. பத்து மாதம் என்று போட்டு 20 லட்சம் வாங்கினால் வட்டி 4 லட்சம், அனுமதி இழுத்து, மழை பிடித்து, பதினாறு மாதம் ஆனால் 6,40,000. வட்டியில் கால் ரூபாய் குறைக்கச் சொல்லி வாரக்கணக்கில் பேரம் பேசுபவர்கள், பத்து மாதத்துக்கு மிச்சமாகும் 50,000-க்காகப் பேசுகிறார்கள். அனுமதி கைக்கு வருமுன் பணம் வாங்குவதால் போகும் 2,40,000 அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அதனால் இடத்துக்குக் கைப்பணம், அல்லது கூட்டாளி. அனுமதிக் காகிதம் எல்லாம் வந்த பிறகு, ஜனவரியில் வானம் வெளுத்ததும் கடன். இதுதான் என் முறை. முழுத் தொகையை ஒரே நேரத்தில் வாங்குவதும் இல்லை, அஸ்திவாரம், தளம், பூச்சு என்று பிரித்துக் கேட்பேன். மண்டிக்காரர் இதற்கு உடனே ஒத்துக்கொண்டார், மற்ற இருவருக்கும் இது பிடிக்கவில்லை.

ஒரு துணைச் செய்தி. எந்த இடத்துக்கு யார் பணம் தர மறுக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி சட்ட ஆலோசனை இலவசமாகக் கிடைத்துவிடும். கூடலூர் ஜென்ம நிலம், அதாவது முன்பு ஜென்மிகள் என்ற நிலக்கிழார்கள் கையில் இருந்தது, அதிலும் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் உரிமை தீராமல் கிடப்பது என்றால் கோப்பையே திறக்க மாட்டார்கள். அரசு நிபந்தனையோடு கொடுத்த நிபந்தனைப் பட்டா என்றால் முடியாது என்று தலையாட்டிவிடுவார்கள். மசினகுடிப் பக்கம் 2018-இல் ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்து, 2020 அக்டோபரில் சிகூர் யானை வழித்தட அறிவிப்பை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த பிறகு, அங்கே தங்கும் விடுதிக்குக் கடன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். மூன்று பேரும் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு நாலாவதாக ஒருவர் ஓடி வந்து பணம் தருகிறார் என்றால் அவரிடம் டீ கூடக் குடிக்காமல் வந்துவிடுவேன்.

2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததிலிருந்து வார இறுதியில் சும்மா வந்து இடம் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கும் ஆட்கள் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. கட்டி முடித்த வீடு விற்க முன்பு ஆனதை விட இரண்டு மூன்று மாதம் கூடுதலாகப் போட்டுத்தான் இப்போது வட்டி கணக்குப் பார்க்கிறேன்.

அடுத்து கட்டபெட்டுப் பக்கம் ஆறு சென்ட் பார்த்து வைத்திருக்கிறேன், அனுமதி மனு போயிருக்கிறது. வந்ததும் மண்டிக்காரரிடம்தான் வாங்குவேன், ஃபைனான்ஸ் ஆபீஸ் பக்கம் போவதாக இல்லை. நிதி நிறுவனத்தைப் பெரிய தொகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் பழக்கத்துக்கு ஒன்றே முக்கால் வட்டிக்குக் கேட்டுப் பார்த்தேன், "லாரி திரும்புற இடமா பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றிருக்கிறார்.