மலைக்குளிரில் வண்டி: பல பருவம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே, பனி டயர் எதற்கு?" மலைக்குக் குடிவரும் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பும், மேட்டில் ஏற்றும். நிறுத்தாது. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது கைகொடுப்பது டயரின் ரப்பர்தான். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனியே இல்லாத காய்ந்த சாலையிலும் பிடி குறையும். அதனால் முதல் பனிக்குக் காத்திருக்காமல், காலைக் குளிர் 7-ஐத் தொட்டதுமே மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரையைத் தேடுங்கள். 'எம்+எஸ்' (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் போட்டிருந்தால், பனிப் பிடிமானச் சோதனையில் தேறிய டயர் என்று பொருளல்ல. நான்கையும் மாற்ற வேண்டும். காசு மிச்சம் என்று முன்னால் மட்டும் போட்டால், வளைவில் பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். டயர்ப் பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் அடுத்த பனிக்கு அதை நம்பாதீர்கள். காற்றையும் கவனியுங்கள்: வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. குறையும். ஓட்டிச் சூடேறும் முன்பே அளக்க வேண்டும்.

பனியில் பிடிமானத்துக்கு டயரைச் சுற்றி மாட்டும் செயின் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதைப் பையிலிருந்து எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள். காய்ந்த தரையில், பகல் வெளிச்சத்தில் இரண்டு முறையாவது மாட்டிப் பழகுங்கள். பிறகு ஒருமுறை கையுறையோடு. முதலில் செயினைத் தரையில் விரித்து முறுக்கு எடுக்க வேண்டும்; ஒரு கண்ணி திரும்பியிருந்தாலும் இறுகாது. உள்பக்கக் கொக்கியை மாட்டிய பிறகே வெளிப்பக்கம். கொக்கியின் திறந்த வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்கட்டும், இல்லாவிட்டால் ரப்பரைக் கீறும். 50 முதல் 100 மீட்டர் ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்குங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் செயின் தளர்ந்து பிரேக் குழாயையும் சக்கர வளைவுத் தகட்டையும் அடித்து உடைக்கிறது. இழுக்கும் சக்கரங்களுக்குத்தான் செயின். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியென்றால் கையேடு சொல்வதுபோல. சில வண்டிகளில் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் இடைவெளி போதாது, கையேடே செயின் கூடாது என்று சொல்லும். வேகம் 50 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. முக்கியமாக, மேடு தொடங்கும் முன்பே சமதரையில் மாட்டுங்கள். பாதி ஏற்றத்தில் சிக்கிய வண்டிக்கு மாட்டுவது ஆபத்து.

பேட்டரி குளிர்காலத்தில் சொல்லாமல் கைவிடும். மைனஸ் 18 டிகிரியில் அதன் திறன் ஏறக்குறைய பாதியாகும், அதே நேரம் கெட்டிப்பட்ட என்ஜின் ஆயிலைச் சுழற்ற அதிக மின்சாரம் வேண்டும். இரவு முழுக்க ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். முழுக்க இறங்கிய பேட்டரி உள்ளே உறைந்து வெடிப்பும் விடும்.

என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சுமார் மைனஸ் 37 வரை உறையாது. அதன் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தண்ணீர் கலக்காவிட்டால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும், அதனால் அதிகம் ஊற்றினால் நல்லது என்பது தப்புக்கணக்கு. டீசல் வண்டிக்குக் குளிர்கால டீசலே போடுங்கள். குளிரில் டீசலில் மெழுகு கட்டிய பிறகு வழக்கமான உறைதடுப்பு மருந்து ஊற்றினால் ஃபில்டர் அடைப்பு நீங்காது.

பூட்டு உறைநீக்கியை வண்டிக்குள் வைக்காதீர்கள். கதவு திறக்காத அன்றைக்குத்தான் அது தேவைப்படும். ஈரத்தோடு நிறுத்தும் இரவில் ஹேண்ட்பிரேக் கேபிள் உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். காலையில் கிளப்பும் முன் புகைக்குழாய் வாயை மூடிய பனியைக் கையால் தோண்டி எடுங்கள், அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளே திரும்பும்.