கடைசி பந்தில உக்காந்து பாத்துட்டு எழுதுறேன்: திருக்கடையூர் அறுபதாம் கல்யாண சாப்பாடு

திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் வைக்கப்போறோம், சாப்பாட்டுக்கு யார புடிக்கலாம்னு நெறய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அவங்களுக்காக தான் இது. சமையல்காரர் பேரு மட்டும் போட மாட்டேன், அவரே வேணாம்னுட்டாரு, "இருக்குற ஆர்டரையே பாக்க முடியல தம்பி, நீ வேற எழுதி வுட்டு என்னய ஓட வைக்காத"ன்னு. மயிலாடுதுறை பக்கத்து குத்தாலத்துக்காரர், சொந்தமா ஆள் செட்டு வச்சிருக்காரு. சன்னதி தெருவுல பூக்கடைல கேட்டா கை காட்டுவாங்க.

நான் மயிலாடுதுறைல போட்டோ வீடியோ எடுக்குற தொழில். எங்க தொழில்ல இருக்குறவனுக்கு எந்த கல்யாணமா இருந்தாலும் கடைசி பந்தி தான், மேளக்காரங்க, வேன் டிரைவருங்க, சீரியல் லைட் போட வந்த பசங்க, எல எடுக்குற அம்மாங்க எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். கடைசி பந்தின்னா என்னன்னு அதுல உக்காந்தவனுக்கு தான் தெரியும். சாம்பார்ல காய் இருக்காது, ரசம்னு புளித்தண்ணி வரும், அப்பளம் நமத்து போயிருக்கும், ஸ்வீட் கேட்டா "தீந்துடுச்சுண்ணே"ம்பான், பரிமாறுறவன் நம்ம மூஞ்சிய பாக்காம சோத்த எலைல தட்டிட்டு அந்தப்பக்கம் பேப்பர் ரோல சுருட்ட போயிடுவான். மொத பந்திய வச்சு எந்த சமையல்காரருக்கும் மார்க் போடாதீங்க, மொத பந்தில சம்பந்தி வீட்டுக்காரங்க உக்காந்திருப்பாங்க, எல்லாருமே நல்லா தான் போடுவாங்க. நான் மார்க் போடுறது எப்பவும் கடைசி பந்திக்கு தான்.

இந்த சித்திரைல செம்பனார்கோயில் பக்கத்துல ஒரு கிராமத்துக்காரருக்கு அறுபதாம் கல்யாணம், விவசாயி, அவர் பேரும் வேணாம், பெரியவர்னே சொல்றேன். கோயில்ல ஹோமம், கலச அபிஷேகம், தாலி கட்டு எல்லாம் முடிஞ்சு மண்டபத்துக்கு வந்தப்ப மணி பதினொண்ணு. திருக்கடையூர் தெரியும்ல, முகூர்த்த நாள்னா பிரகாரம் முழுக்க எந்தப்பக்கம் திரும்புனாலும் மாலையும் கழுத்துமா மாப்ள பொண்ணு தான், பேரன் பேத்தி எடுத்த மாப்ள பொண்ணு. அத முடிச்சு வெளிய வந்தா எல்லாருக்கும் பசி கண்ண கட்டும்.

மெனு பெருசா ஒண்ணும் இல்ல, வெங்காயம் பூண்டு கெடயாது. பச்சடி, கோசுமல்லி, வாழைப்பூ பருப்பு உசிலி, சேனை வறுவல், பூசணிக்கா கூட்டு, அவியல், வடை, பருப்பு நெய், சாம்பார், சுண்டக்கா வத்தக்குழம்பு, ரசம், பால் பாயசம், மோர். ஸ்வீட்டுக்கு அசோகா, அந்த திருவையாறு ஸ்டைல் பாசிப்பருப்பு அசோகா, நெய் வழிய வழிய. மதிய சாப்பாடு மட்டும் எலைக்கு 280 ரூவான்னு பேசிருக்காங்க. அரிசி மட்டும் பெரியவர் வீட்டு அரிசி, தூயமல்லி. இந்த வெதை வந்த கதைய பெரியவரே சொன்னாரு, திருத்துறைப்பூண்டி பக்கம், பழைய நெல் ரகங்கள மீட்டெடுத்த நெல் ஜெயராமன் நடத்துன நெல் திருவிழால பாரம்பரிய நெல்லு 2 கிலோ குடுப்பாங்க, அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி தரணும், அப்புடி இவரோட மச்சான் வாங்கிட்டு வந்து போட்டு, அதுலேர்ந்து இவருக்கு வந்ததாம். சோறு சன்னமா மல்லிப்பூவாட்டம் இருந்துச்சு, வத்தக்குழம்புக்கு இத விட்டா வேற அரிசி இல்லங்க.

வாழைப்பூ உசிலி பிரமாதம், தொவப்பே இல்ல. அவியல்ல தேங்கா கொஞ்சம் கம்மி, பாயசத்துல சக்கரை ஜாஸ்தி. காபி சுமார் தான், கும்பகோணத்துக்கு இவ்ளோ கிட்டக்க இருந்துட்டு டிக்காஷன்ல தண்ணி காட்டுறத என்னால மன்னிக்க முடியல. கை கழுவுற எடத்துல ரெண்டே கொழா, அதுக்கு அங்க ஒரு கல்யாண கூட்டம். ஆனா அது மண்டபத்துக்காரன் தப்பு, சமையல்காரர் தலைல போட முடியாது.

இப்ப கடைசி பந்திக்கு வரேன். மணி மூணு ஆவப்போவுது. நாங்க உக்காந்தோம், நுனி எலை, கிழிசல் இல்லாம. தண்ணி தெளிச்சு தொடச்சா மொதல்ல வந்து வுழுந்தது அசோகா. தீந்து போயிருக்கும்னு நெனச்சுட்டு இருந்த பக்கத்து வேன் டிரைவர் அண்ணன் என்னய பாத்து சிரிச்சாரு. அப்பறம் சாம்பார் வருது, கொதிக்க கொதிக்க, முருங்கக்கா முழுசா கெடக்கு. அப்பளம் அப்பத்தான் பொரிச்சது, கைல எடுத்தா ஒடயுது. எப்புடிண்ணே இதுன்னு சாப்ட்டுட்டு அடுப்படிக்கே போயி கேட்டேன். சோத்த ஒட்டுமொத்தமா வடிச்சு கொட்டுறதே இல்லயாம், ஒல எப்பவும் கொதிச்சுட்டே இருக்கும், ஒரு பந்தி உக்காந்தோன்ன அடுத்த பந்திக்கு அரிசி களஞ்சு போடுவாங்களாம். சாம்பாருக்கு பருப்பும் புளியும் தனித்தனியா நிக்கும், பந்திக்கு பந்தி காய் போட்டு சேத்து தாளிக்கிறது, ரசம் பந்திக்கு பந்தி புதுசா வெளாவுறது. இதுக்கு மேல ஒண்ணு பண்றாரு. காலைலயே ஸ்வீட்டு, வடை மாவு, நெய் மூணுலயும் கடைசி பந்திக்குன்னு தனியா எடுத்து உக்கிராணத்துல உள்ள வச்சு பூட்டிடுவாரு, சாவி அவர் இடுப்புல. மொத பந்தில மந்திரியே வந்து ரெண்டாவது வாட்டி கேட்டாலும் அதுலேர்ந்து எடுக்கக்கூடாதாம். பந்தி விசாரிக்கிறதுக்குன்னே ஒரு வயசானவர் வேற சுத்தி சுத்தி வராரு, கைல கரண்டி கிரண்டி ஒண்ணும் கெடயாது, எல எலையா பாக்குறது தான் வேல. "அந்த எலைக்கு கூட்டு", "ஆயாவுக்கு சோறு கொழய போடு, பல்லு இல்ல"ன்னு ஆள ஏவிட்டே இருந்தாரு. வேணும்னு யாரும் வாய தொறந்து கேக்க வேண்டிய வேலயே வரல.

அப்ப தான் பெரியவரு பட்டு வேட்டியோட, கழுத்துல காலைல போட்ட மால வாடி போயி தொங்க, நெய் கிண்ணிய தூக்கிட்டு எங்க பந்திக்கு வந்தாரு. ஒவ்வொரு எலைலயும் குனிஞ்சு ஊத்துறாரு. எல எடுக்குற அம்மா ஒண்ணு "போதும்ங்கய்யா போதும்"னு கைய குறுக்க நீட்டுது, "கைய எடு ஆயா, அறுபது வயசு மாப்ள ஊத்துறேன், வேணாங்கற"ன்னு அவர் ஊத்த, பந்தியே சிரிக்குது. அவர் சம்சாரம் பின்னாடியே "குனியாதீங்க, டாக்டர் என்ன சொன்னாரு"ன்னு திட்டிட்டே பாயச வாளியோட வருது.

விஷயம் என்னன்னா போன வருஷம் தை அறுப்பு சமயத்துல அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரில படுத்துட்டாரு. வயல்ல நெல்லு சாயுது, மானம் வேற மூட்டம் போட்டுருக்கு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டேம்பாங்க. தெருக்காரங்களே மிஷின் புடிச்சு அறுத்து, ரோட்டுல கொட்டி காய வச்சு, மூட்டய புடிச்சு அந்த கொள்முதல் நிலையத்துலயே போட்டு, பணத்த கொண்டாந்து அந்தம்மா கைல குடுத்துருக்காங்க. இத சொன்னது அந்த வேன் டிரைவர் அண்ணன், அவரும் அதே தெரு, மூட்ட ஏத்துன ஆளுல அவரும் ஒருத்தர். பெரியவரு மைக்க புடிச்சு நன்றி கின்றின்னு ஒரு வார்த்த பேசல. நெய் ஊத்துனாரு, அவ்ளோ தான். எமன ஒதச்ச சாமி இருக்குற ஊர்ல வந்து, பொழச்சு எந்திரிச்ச மனுசன் வேற எப்புடி சொல்லுவாரு.

கடைசியா வர்றவனையும் இப்புடி கவனிக்கிறது எங்க தஞ்சாவூர் சீமைல ஒண்ணும் புதுசு இல்ல. 1801-ல சரபோஜி ராஜா கிழக்கிந்திய கம்பெனிக்காரனுக்கு எழுதுன ஒரு கடுதாசில, ராமேஸ்வரம் போற வழில இருந்த சத்திரங்கள்ல என்னென்ன நடக்கும்னு வெவரமா சொல்லிருக்காரு. எந்த சாதி, எந்த ஊருன்னு பாக்காம வந்தவனுக்கெல்லாம் சோறு, ஆக்குன சோறு வேணாங்கறவனுக்கு அரிசியா குடுக்குறது, இப்புடியே நடந்து நடுராத்திரி ஆனா ஒரு மணி அடிப்பாங்களாம், இன்னும் சாப்புடாதவன் எவனாச்சும் இருந்தா வான்னு கூப்புட்டு அவனுக்கும் போடுறதுக்கு. அந்த மணிய படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, கடைசி பந்திக்குன்னு ஒரு ராஜா தனியா ரூல் போட்டுருக்காரேன்னு. இப்ப எலைக்கு 600, 700ன்னு வாங்கிட்டு லைவ் தோசை கவுண்டர் வைக்கிறவங்க பல பேருக்கு இது தோணல, ஒரு பெரிய கல்யாணத்துல எங்க டீமுக்கு தயிர் சாத பொட்டலம் தூக்கி குடுத்தாங்க, பேரு வேணாம் வுடுங்க.

தாம்பூலத்த மறந்துட்டேனே. கும்பகோணம் வெத்தல, 2025-ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதே தான், கொழுந்தா ரெண்டு, சீவல், தேங்கா. எங்களுக்கும் அதே பை தான் வந்துச்சு.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலரை, அந்த அரை காபிக்கு போச்சு. புக் பண்றவங்க தை, பங்குனி, சித்திரை முகூர்த்தம்னா நாலஞ்சு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க. பணமா தான் வாங்குவாரு, ஜிபே கெடயாது. கோபி மஞ்சூரியன், நான் ரொட்டி எல்லாம் கேட்டீங்கன்னா எந்திரிச்சு போயிடுவாரு, கேட்டு வாங்கி கட்டிக்காதீங்க. அப்பறம் எத்தன எலைன்னு கேக்குறப்ப மேளம், டிரைவரு, போட்டோகாரன், எல எடுக்குறவங்க எல்லாரையும் சேத்து கணக்கு சொல்லுங்க, அவங்கள வுட்டுட்டு சொன்னீங்கன்னா அவரே பேனாவ எடுத்து கூட்டி எழுதிக்குவாரு, அந்த எலைக்கும் காசு நீங்க தான் குடுக்கணும்.