கன மீட்டர் காட்டும் லேசர் அளவுமானி: அறைக்கு நன்று, ஆழத்திற்கு உதவாது

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கருவிக் கடை ஒன்றில் ஐம்பது வெள்ளிக்கும் குறைவாகக் கிடைத்த, அதிகம் பெயர் தெரியாத நிறுவனத்தின் லேசர் அளவுமானி இது. நாற்பது மீட்டர் வரை அளக்கும் என்றும், இரண்டு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ காட்டலாம் என்றும் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அடுத்தடுத்து அளந்ததும் தானே பெருக்கிக் கன மீட்டரில் விடை சொல்லும் வசதிக்காகவே இதை வாங்கினேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறையில் இதன் வேலை குறை சொல்ல முடியாதது. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டாம்; கூரையின் உயரத்தை நாற்காலியில் ஏறாமல் தரையிலிருந்தே எடுக்கலாம். 3.5, 3, 2.6 மீட்டர் என்று மூன்று அளவுகள் பதிவானதும் திரையில் 27.3 வந்து நிற்கிறது. புகைமூட்டக் காலத்தில் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவோருக்கு வேண்டிய எண் இதுதான். அறைக் காற்று மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமென்றால், மணிக்கு ஏறத்தாழ 137 கன மீட்டர் திறனுள்ள இயந்திரம் தேவை. விற்பனையாளர்கள் சதுர அடியில் பேசுவதால் கூரையின் உயரம் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. ஒரு சிறு எச்சரிக்கை: கருவியின் முன்விளிம்பிலிருந்து அளக்கிறதா, பின்விளிம்பிலிருந்தா என்பதைக் காட்டும் குறி கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, அது மாறியிருந்தால் ஒவ்வோர் அளவிலும் கருவியின் நீளமே பிழையாகச் சேர்ந்துவிடும்.

குறை தொடங்குவது மெல்லிய பரப்புகளில்தான். தரைவீட்டு முற்றத்தில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடத்தில் 4 சென்டிமீட்டர் கனத்திற்குச் சிமெண்டுக் கலவை போட 0.24 கன மீட்டர் வேண்டும். நீளத்தில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் ஒன்றும் ஆகிவிடாது. கனத்தில் அதே பிசகு நேர்ந்தால் மொத்தக் கலவையில் 5 விழுக்காடு, அதாவது 12 லிட்டர், கூடும் அல்லது குறையும். இந்தக் கருவியோ 5 சென்டிமீட்டருக்குக் கீழே அளக்கவே மறுக்கிறது, கனத்தை நாமே எண்ணாக உள்ளிடவும் வழியில்லை. எனவே பரப்பளவை மட்டும் இதில் எடுத்துக்கொண்டு, கனத்தை இரும்பு அளவுகோலால் பார்த்துக் கைபேசியில் 0.04 ஆல் பெருக்க வேண்டியிருக்கிறது. கன அளவுக்கென்றே தனிப் பொத்தான் வைத்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா?

வெளியிலும் ஏமாற்றமே. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் படுகை 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு மண் நிரப்ப 0.75 கன மீட்டர், அதாவது 750 லிட்டர், தேவை. 25 லிட்டர் மூட்டையில் முப்பது. நீர் ஊற்றியதும் மண் அமுங்கும் என்பதால் இரண்டு மூன்று மூட்டை கூடுதலாக வாங்குவது நல்லது. இந்தக் கணக்கிற்கு நாடாவே போதும். உச்சி வெயிலில் லேசரின் சிவப்புப் புள்ளி விழும் இடமே தெரிவதில்லை.

ஊருக்குக் கப்பலில் பெட்டி அனுப்புவோரும் இதை நம்பி வாங்க வேண்டாம். ஒளி பட்டுத் திரும்பப் பெட்டியின் மறுமுனையில் சுவர் வேண்டும். இல்லையேல் அட்டை ஒன்றை நிறுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குள் நாடாவால் 60, 45, 45 சென்டிமீட்டர் என்று அளந்து 0.1215 கன மீட்டர் என்று கணக்கும் போட்டுவிடலாம். அத்தகைய எட்டுப் பெட்டிகள் ஒரு ‘சிபிஎம்’முக்கு, அதாவது ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வரும். ஆனால் துணி திணித்துப் பக்கம் உப்பியிருந்தால் அந்த உப்பலையும் சேர்த்தே கட்டணம் போடுவார்கள் என்பதால், ஒட்டுநாடா சுற்றிய பிறகே அளக்க வேண்டும்.

வீட்டைப் புதுப்பிப்பவர்களும் குளிர்சாதனமோ சுத்திகரிப்பானோ வாங்கவிருப்பவர்களும் இந்த விலைக்குத் தயங்காமல் வாங்கலாம். மண், சிமெண்டு, பெட்டி என்று அலைபவர்களுக்கு ஐந்து மீட்டர் நாடாவே போதும்.