இறக்கத்துக்குத் தயாராகும் சைக்கிள்: கோத்தகிரியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

முதல் தடவையாக நீண்ட தூரம் சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கால் தாங்குமா, மூச்சு வாங்குமா, நடுவழியில் நின்றுவிடுவோமா என்பதுதான் பயம். நீலகிரியில் ஓட்டுகிற எனக்கு அந்தப் பயம் பாதிதான் நியாயம் என்று படுகிறது. ஏற்றத்தில் முடியவில்லை என்றால் இறங்கி நிழலில் உட்காரலாம், தள்ளிக்கொண்டு நடக்கலாம். இறக்கத்தில் அந்த வசதி கிடையாது. பிரேக், டயர், விரல் மூன்றும் அந்த நொடியிலேயே சொன்னபடி கேட்க வேண்டும். வெயில், மழை, உறைபனி என்று எல்லாக் காலத்திலும் இந்த சைக்கிளைக் கோத்தகிரியில் வைத்து ஓட்டிப் பார்த்த பிறகு என் அபிப்பிராயம் இது: மலையில் முதல் பயணத்துக்கான பணமும் நேரமும் முதலில் இறக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

சைக்கிள் என்ன மாதிரி என்று சொல்லிவிடுகிறேன். இரும்பு ஃப்ரேம் போட்ட ஹைப்ரிட், அதாவது சாலை சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த ரகம். முன்னால் 48, 38, 28 என்று மூன்று பல்சக்கரம், பின்னால் 11 முதல் 34 பல் வரை எட்டு. கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக், 160 மில்லிமீட்டர் தட்டு. டயர் 700க்கு 35, அதாவது 35 மில்லிமீட்டர் அகலம். பின்னால் கேரியர் மாட்ட ஃப்ரேமிலேயே துளை உண்டு. எடை கொஞ்சம் அதிகம்தான். அலுமினிய ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள். மலையில் எனக்கு அது ஒருநாளும் குறையாகத் தெரிந்ததில்லை. இரண்டு கிலோ கூடுதல் எடையைவிட, சரியான கியர் இல்லாததுதான் முழங்காலைக் கெடுக்கும்.

கியர் விஷயத்தில் கடைக்காரர் 21, 24, 27 என்று எண்ணிக்கையைச் சொல்லி விற்பார். அதை விட்டுவிடுங்கள். முன்னால் உள்ள மிகச் சிறிய சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தில் எத்தனை பல் என்று மட்டும் எண்ணுங்கள். முன்னது பின்னதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். என் சைக்கிளில் 28க்கு 34. பெடலை ஒரு முழுச்சுற்று சுற்றினால் வண்டி சுமார் 1.8 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமாக மிதித்தால் மணிக்கு ஆறரை கிலோமீட்டர் வேகம். நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஆனால் அந்த வேகத்தில் பேசிக்கொண்டே ஏறலாம். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் அதே ஒரு சுற்று ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளச் சொல்லும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790. நடுவில் 33 கிலோமீட்டர் சாலை. சராசரிச் சரிவு 4.4 சதவீதம் வருகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் பல்தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, அங்கே அதிகபட்சச் சரிவு 12க்கு 1, அதாவது 8.33 சதவீதம். கோத்தகிரி சாலையின் சராசரி அதில் பாதிதான். முதல் மலையேற்றத்துக்குக் குன்னூர் பாதையைவிட இதைத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை, கோடை சீசனில் வேண்டாம். மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது அப்போது வழக்கம். சமவெளியிலிருந்து வந்த கார்கள் வளைவுக்கு வளைவு பிரேக்கில் நின்றுகொண்டு இறங்கும்போது நமக்கு ஓரத்தில்கூட இடம் இருக்காது.

சரி, இறக்கத்துக்கு வருவோம். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல், அறை வெப்பத்தில் உள்ள நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் சாலையும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. பயந்து பயந்து மெதுவாக, பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் காற்று எடுக்கும் பங்கு குறைந்து பிரேக்கின் பங்கு கூடிவிடும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூபே வெடிக்கலாம். ஆகவே நேரான இடத்தில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் பயன்படுத்த வேண்டும். பின்னதை மட்டும் நம்புகிறவர்கள் ஈரச் சாலையில் வழுக்குகிறார்கள், அதுவும் தைலமரத்தின் இலை உதிர்ந்து நனைந்து கிடக்கும் இடத்தில்.

தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் பேடு எவ்வளவு நாள் வரும் என்று சமவெளியில் ஓட்டுபவர்கள் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. ரெசின் பேடு சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும். ஆனால் மழையில் மண்ணும் சேறும் சேர்ந்து அரைக்க ஆரம்பித்தால் வேகமாகக் கரைந்துவிடும். உலோகத்தூள் கலந்த பேடு கொஞ்சம் கீச்சிடும், ரொம்ப நாள் உழைக்கும். மழைக்காலத்துக்கு நான் அதைத்தான் போடுகிறேன். கம்பியில் இயங்கும் டிஸ்க் பிரேக் பலவற்றில் ஒரு பக்கத்துப் பேடு மட்டும்தான் நகரும், மறுபக்கம் அசையாது. பேடு தேயத் தேய அந்த அசையாத பக்கத்தைக் கையால் திருகி உள்ளே நகர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் லீவரை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் தட்டு ஒரு பக்கமாக வளைந்து வளைந்து பிடிக்கும். பயணத்துக்கு முந்தைய வாரம் பேடை வெளியே எடுத்துப் பாருங்கள். உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது தட்டில் ஒரு துளிகூடப் படக்கூடாது. ஸ்ப்ரே டப்பாவை சைக்கிள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பேடைவிட நான் அதிகம் கவனிப்பது கம்பியை. மேட்டுப்பாளையத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் இந்த சைக்கிளைக் காட்டியபோது, அவர் சக்கரத்தைக்கூட முதலில் தொடவில்லை. லீவரை முழுக்க அழுத்திப் பிடித்து, உள்ளே ஈயக்குண்டு உட்காரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பியின் இழைகளில் இரண்டு மூன்று அறுந்து, பிரிந்த சணல் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, பிரேக் பிடிப்பும் நன்றாகவே இருந்தது.

“கட்டை தேஞ்சா சத்தம் போட்டுச் சொல்லும் கண்ணு. கம்பி சொல்லாமப் போயிரும். பாதி மலையில அறுந்தா எங்க போய் நிப்பே?”

“ரெண்டு பக்கமும் மாத்திருங்கண்ணா.”

புதுக் கம்பி ஒன்றை வெட்டாமல் சுருட்டி என் கையிலும் கொடுத்தார். அது இன்னும் சீட்டுக்கு அடியில் உள்ள பையில்தான் இருக்கிறது. கம்பியின் விலை ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை. பயணத்துக்கு முன் ஒரே ஒரு பாகம்தான் மாற்ற முடியும் என்றால் கம்பியை மாற்றுங்கள் என்பேன்.

செயினை ஸ்கேல் வைத்தே சோதிக்கலாம். ஒரு முனை சரியாக ஒரு பின்னின் நடுவில் இருக்க, 24 பின் தள்ளி 12 அங்குலத்தில் அடுத்த பின் நடு வர வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் புதுச் செயின் வாங்கும் நேரம் வந்துவிட்டது. அதை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேயும், செலவு பல மடங்காகும். ஸ்போக்கை இரண்டிரண்டாக விரலால் அழுத்திப் பாருங்கள். தொளதொள என்று எது இருந்தாலும் கடையில் கோட்டம் எடுத்து வாங்குங்கள்.

சைக்கிளுடன் வந்த டயர் சுமார்தான். பஞ்சர் அடிக்கடி வந்தது, ஈரத்தில் பிடிப்பும் போதவில்லை. உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயருக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. காற்றைப் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு அடிக்கத் தேவையில்லை. மழையில் அதைவிடக் கொஞ்சம் குறைத்தே வைக்கிறேன்.

சீட்டும் மாற்ற வேண்டி வந்தது. தடிமனான மெத்தை சீட் கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும். இரண்டு மணி நேரம் போனால் மெத்தை அமுங்கி, தேவையில்லாத இடத்தில் எல்லாம் அழுத்தும். இடுப்பெலும்பின் அடிமுனை இரண்டும் ஏறி உட்காரும் அகலம்தான் முக்கியம், மெத்தை அல்ல. பெண்களுக்குப் பொதுவாக இன்னும் கொஞ்சம் அகலமான சீட் தேவைப்படும், தயங்காமல் கேட்டு வாங்குங்கள். உயரத்துக்கு எளிய வழி உண்டு: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். கை மரத்துப்போனால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உடம்பைத் தயார் செய்ய நான் நம்புவது கோடநாடு சாலையை. கோத்தகிரியிலிருந்து போகவர சுமார் 36 கிலோமீட்டர் வரும், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் பாதை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குறைந்த தூரம், வார இறுதியில் ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம். அந்த நீண்ட தூரத்தை வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அப்புறம் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கட்டபெட்டு வழியாகத் திரும்ப கோத்தகிரி என்று ஒரு வட்டம், சுமார் 70 கிலோமீட்டர். இந்த வட்டத்தைப் பையில் முழுச் சுமையோடு முடித்துவிட்டு மறுநாள் வழக்கமான வேலையைப் பார்க்க முடிந்தால், நீண்ட பயணத்துக்கு உடம்பு தயார். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும்: ஊட்டி 2,240 மீட்டர், காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. முதல் நாள் வழக்கத்தைவிட மூச்சு வாங்கத்தான் செய்யும்.

சாப்பாடு விஷயத்தில் பசிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழமும் ஒரு கடலைமிட்டாயும் அதற்குப் பக்கத்தில் வரும். ஊட்டி வர்க்கி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் மூச்சு வாங்கும்போது அது தொண்டையில் ஒட்டும், டீக்கடையில் நின்று சாப்பிடுவதற்கே ஏற்றது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்தால் போதும், விலை கொடுத்துப் பொடி வாங்க வேண்டியதில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று வரக்கூடாது. சைக்கிளிலேயே இரண்டு பாட்டில் மாட்டி, தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

என் முதல் நீண்ட பயணமாக இந்த சைக்கிள் போனது கோத்தகிரியிலிருந்து ஊட்டி, பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர். சுமார் 80 கிலோமீட்டர், இரவு தங்கி மறுநாள் அதே வழியில் திரும்பினேன். ஊட்டி தாண்டும் வரை வெயில். நடுவட்டத்தில் மஞ்சு இறங்கிவிட்டது, பத்தடி முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அங்கிருந்து கூடலூர் வரை இறக்கம். ஏற்றத்தில் வியர்த்து நனைந்த பனியனோடு இறக்கத்தில் விழுந்தால் குளிர் எலும்பில் இறங்கும். உடம்பு நடுங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம், விரல் மரத்துப்போனால் லீவரை அழுத்தும் பலமே இருக்காது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் அது இரட்டிப்பாக உறைக்கும். நடுவட்டத்து டீக்கடையில் உலர்ந்த பனியனுக்கு மாறி, மேலே காற்று புகாத மழைச்சட்டை போட்டேன். விரல் முழுக்க மூடும் கையுறையும் மாட்டினேன். கடைக்காரம்மா ஒரு பழைய தினசரியை மடித்துக் கொடுத்து, “சட்டைக்குள்ள நெஞ்சுல வெச்சுக்கம்மா, பைக்குல போறவங்க எல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க” என்றார். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மலை உச்சியில் பார்வையாளர்கள் நீட்டும் செய்தித்தாளை வீரர்கள் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்வதும் இதே காரணத்துக்குத்தான். நன்றாகவே வேலை செய்தது. கூடலூர் வரை விரல் என் பேச்சைக் கேட்டது.

மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே மாவட்டத்தில் இரண்டு மழை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, கூடவே மண்சரிவு. டிசம்பர், ஜனவரி விடியலில் ஊட்டியில் உறைபனி. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை முதல் பயணத்துக்கு நல்ல காலம். கோத்தகிரி-மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசனில் யானை சாலைக்கு வரும். அங்கே விடியலிலும் அந்தியிலும் ஓட்டாதீர்கள். யானை நின்றால் தூரத்திலேயே நின்று, பஸ்ஸோ லாரியோ வரும் வரை காத்திருங்கள். தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் காட்டெருமைக்கும் இதே மரியாதை.

இன்றைக்கு நிலவரம்: ஃப்ரேமில் கேரியர் உரசிய இடத்தில் பெயின்ட் போய்விட்டது, லேசாகத் துரு பிடித்ததைத் தேய்த்துப் பூசி வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் சீட் கம்பத்தைக் கழற்றி, ஃப்ரேமைக் கவிழ்த்துத் தண்ணீரை வடிய விடுவது இரும்பு ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம். கேரியர் ஸ்க்ரூ மலைச் சாலை அதிர்வில் தளரும், நீண்ட பயணத்தில் தினமும் காலையில் ஒரு திருகு. கியர், ஃப்ரேம், பிரேக் மூன்றுக்காகவும் இதே சைக்கிளை மறுபடியும் வாங்குவேன். டயர், சீட், பிரேக் கம்பி மூன்றையும் வாங்கிய அன்றே மாற்றச் சொல்லி, அதற்கான பணத்தையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுவேன். கோயம்புத்தூர், ஈரோடு மாதிரி சமவெளியிலேயே ஓட்டி, வேகம்தான் முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு இது பாரமாகத் தெரியும், அவர்கள் வேறு பார்க்கலாம்.