ட்ராஸ்டுசுமாப் – டாசிடாக்சல் கூட்டு மருந்து: மூன்று குப்பியில் நான்கு ஊசி

ஹெர்-2 பாசிட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் அணுக்களின் மேல் அதிகமாக இருக்கிற) மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிய பிறகு நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் திருவனந்தபுரத்திலும் வழக்கமாக எழுதித் தருவது டாசிடாக்சல் கீமோ, கூடவே அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்புரத ஊசி ட்ராஸ்டுசுமாப், கைக்கு எட்டினால் அதே வகையில் பெர்டுசுமாப். வேலை செய்கிற மருந்து, அதில் பேச்சே இல்லை. 2001இல் வெளியான ஆய்வில் கீமோவோடு ட்ராஸ்டுசுமாப் சேர்ந்தபோது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 20.3 மாதத்திலிருந்து 25.1 மாதமானது. பெர்டுசுமாபும் சேர்ந்த கிளியோபாட்ரா ஆய்வில் 40.8 மாதம் 56.5 ஆனது. வேரோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நோயைக் கட்டிவைக்கிற காலம் நீளும். அதுவே பெரிய காரியம்.

கோளாறெல்லாம் குப்பிக்கு வெளியேதான். முதலில் பயாப்சி ரிப்போர்ட். அதில் ஹெர்-2 அளவு 3+ என்றால் சரி. 2+ என்றால் ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை முடியாமல் ஊசி போடக் கூடாது. ஹெர்-2 இல்லாத கட்டிக்கு இந்த மருந்து கடலில் கரைத்த பெருங்காயம். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்குத்தான் இந்த வகை.

இனி காசுக் கணக்கு. முதல் ஊசி கிலோவுக்கு 8 மி.கி., பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கிலோவுக்கு 6 மி.கி. 55 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தடவை 440 மி.கி., சரியாக ஒரு பெரிய குப்பி. அடுத்ததிலிருந்து 330. தவணைக்கு ஒரு குப்பி வாங்கி மிச்சம் 110ஐக் குப்பையில் போடுகிற இடங்கள் உண்டு. 440 குப்பியோடு வருகிற கிருமித்தடுப்பு நீரில் கலக்கினால், 2 முதல் 8 டிகிரியில் 28 நாள் வரை வைக்கலாம். தவணையோ 21 நாள். முதல் ஊசியின் குப்பியை விட்டுவிட்டு எண்ணினால், முதல் குப்பியில் 110, இரண்டாம் குப்பியில் 220, மூன்றாம் குப்பியில் 330 என்று மிச்சம் நகர்ந்து, மூன்று குப்பியில் நான்கு ஊசி முடியும். நிபந்தனை மூன்று: குப்பியில் திறந்த தேதியும் நோயாளியின் பெயரும் எழுதி ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜிலேயே இருக்க வேண்டும், வீட்டு ஃபிரிட்ஜில் அல்ல, சாதா ஊசி நீரில் கலக்கியிருந்தால் மிச்சம் வைக்கவே கூடாது, பாதியில் பிராண்ட் மாற்றக் கூடாது. 2014 முதல் இந்தியத் தயாரிப்புகள் கிடைப்பதால் கடைக்காரர் 'இதுவும் அதுதானே' என்று வேறொன்றை நீட்டுவார். மருந்தில் குறையில்லை, ஆனால் இரண்டு பிராண்டை ஒரே பாட்டிலில் கலக்க முடியாது, மிச்சக் கணக்கு அங்கேயே உடைந்துபோகும். பெயரையும் முழுசாகப் படியுங்கள்: ட்ராஸ்டுசுமாப் எம்டான்சின், ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் இரண்டும் வேறு மருந்துகள், வேறு அளவுகள்.

மார்த்தாண்டத்தில் வாங்கி பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் கட்டியைக் குப்பியோடு ஒட்டி வைக்காதீர்கள். உறைந்தாலும் மருந்து கெடும். நடுவில் ஒரு துணியைச் சுற்றினால் போதும். கலக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும், மெல்லச் சுழற்ற வேண்டும். 250 மி.லி. சலைனில்தான் ஏற்ற வேண்டும், குளுக்கோஸில் கூடாது. முதல் தடவை 90 நிமிடம். குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே வரும். டிரிப்பை நிறுத்தியோ மெதுவாக்கியோ மருந்து கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

டாசிடாக்சலுக்கு முந்தின நாளே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி மூன்று நாள் போட வேண்டும். விட்டுவிட்டால் ஒவ்வாமையும் கால் வீக்கமும் வரலாம், போட்டால் சர்க்கரை ஏறும். சர்க்கரை உள்ளவர்கள் அந்த மூன்று நாளும் அளந்து பார்க்க வேண்டும். ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வெள்ளணு அடிமட்டத்தில் கிடக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது. கீமோ போட்ட திருவனந்தபுரத்துக்கே ஓட வேண்டியதும் இல்லை. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியோ, 'கீமோ போட்ட உடம்பு' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மீன் நன்றாக வெந்தால் சாப்பிடலாம். ரோட்டோரப் பதநீர் அந்த வாரம் வேண்டாம்.

எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டியது முதல் ஊசிக்கு முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும். சிவப்பு கீமோவோடு (டாக்சோரூபிசின் வகை) ஒரே நேரத்தில் ட்ராஸ்டுசுமாப் கொடுத்தபோது நூற்றுக்கு 27 பேருக்கு இதயக் கோளாறு வந்ததை அந்த 2001 ஆய்வே பதிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதிய சீட்டைக் கண்டால் கேள்வி கேளுங்கள்.

தவணை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மறுபடி 8 மி.கி. கணக்கு. 55 கிலோவுக்கு 110 மி.கி. தண்டம். களியக்காவிளை தாண்டிப் போகிறவர்கள் ஹர்த்தால் செய்தியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

வழக்கமாக ஆறு சுற்றில் டாசிடாக்சல் நின்று, எதிர்ப்புரத ஊசி மட்டும் தொடரும். முடி முளைக்கும், பசி வரும், எக்கோ மறந்துபோகும். இந்தக் கட்டத்தில் விடாத தலைவலியோ காலை வாந்தியோ நடையில் தள்ளாட்டமோ வந்தால் வெயிலைக் குறை சொல்லாமல் மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஊசி மருந்து மூளைக்குள் சரியாகப் போய்ச் சேராது.