பத்து ஸ்டாப் ஃபில்டர்: காப் மலேருவுக்குச் சரி, கிரி கிரிக்கு அதிகம்

77 மி.மீ. திருகு வகை, பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர்: லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைப்பது. பார்த்தால் கறுப்புக் கண்ணாடி வில்லை, அவ்வளவுதான். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி; பத்து ஸ்டாப் மாட்டினால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 1/30 நொடி ஷட்டர் 34 நொடியாக நீளும். அந்த அரை நிமிடத்தில் அலையெல்லாம் கரைந்து, தண்ணீர் இழைத்த பலகை மாதிரி கிடக்கும்.

மொரீஷியஸின் வடமுனையான காப் மலேருவில் இதற்கு நல்ல வேலை. பவளத்திட்டு பெரிய அலையைத் தடுத்துவிடும், கரையோரம் சிற்றலைதான்; காலையில் 15 நொடியே போதும். தொலைவில் க்வான் த மீர் தீவு, முன்னால் வெறும் நீர். ஆசைப்பட்டு மீன்பிடிப் படகைச் சேர்த்தால் கெட்டது: நங்கூரமிட்ட படகும் ஆடும், படத்தில் பேய் மாதிரித் தெரியும். பாறை, நட்ட கம்பம் என்றால் பரவாயில்லை.

தெற்கே கிரி கிரியில் இது அதிகப்படி. அங்கே கடல் நேரே பாறையில் மோதும். நுரை வழியும் கோடுதான் அழகு. அதற்கு அரை நொடி, ஒரு நொடி. நீட்டினால் வெறும் புகை. ஆறு ஸ்டாப் போதும். உச்சி வெயிலிலோ லென்ஸ் துளை எஃப் 11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 என்றால் பத்து ஸ்டாப்பும் 5 நொடிதான் தரும். நேரத்தை இழுக்கத் துளையை எஃப் 22க்குச் சுருக்கினால் படம் மழுங்கும்.

திருகு வகையின் தொல்லை வேறு. ஃபிரேமும் ஃபோகஸும் முடித்து, ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். திருகும்போது கை லென்ஸ் வளையத்தில் பட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. கூடுதல் காசு இருந்தால் காந்த வகையே மேல்.

மலிவான கண்ணாடியில் படம் முழுக்க ஒரே சாயம் ஏறினால், கேமரா பதியும் ரா (RAW) கோப்பில் திருத்திக்கொள்ளலாம். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் வேறு நிறம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அலை திரும்பும்போது டிரைபாட் காலடியில் மணலை அரித்துக்கொண்டு போகும். கால்களை ஆழமாக ஊன்றி அமுக்கிவிட்டே ஷட்டரைத் திறக்கவும், அதுவும் 2 நொடி டைமரில். உப்புத் துளி பட்ட கண்ணாடியைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுங்கள், பிறகு துடையுங்கள். வளையத்தின் மரையையும் சேர்த்து. அதில் மணல் நின்றால் ஃபில்டர் கழற்ற வராது.