மாட்டில் மோதி நொறுங்கிய டிஸ்கவரும் காப்புறுதிக் கம்பனியும்

கிளிநொச்சியில் கிளை வைத்திருக்கும் ஒரு காப்புறுதிக் கம்பனியின் மோட்டார் சைக்கிள் ஃபுல் இன்சூரன்ஸ் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் இதில் பாதி எந்தக் கம்பனிக்குப் போனாலும் நடக்கக்கூடியது. சுருக்கமாகச் சொன்னால் பைக்கைப் பார்க்க வந்த மதிப்பீட்டாளர் தங்கமான மனுசன், காசுக் கணக்குப் பார்த்த மேசைதான் எங்களை அலைக்கழித்தது. கடைசியில் நியாயமான தொகை கிடைத்தது, ஆனால் விடாமல் கேட்டபடியால்தான் கிடைத்தது.

பைக் தம்பியுடையது, பஜாஜ் டிஸ்கவர் 125. கிளிநொச்சியில் வேலை முடிந்து இரவில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் புதுக்குடியிருப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன், தர்மபுரம் தாண்டி நடுவீதியில் படுத்திருந்த கட்டாக்காலி மாட்டில் மோதி, இழுபட்டுப் போய் மதகுக் கட்டில் அடிபட்டான். காறையெலும்பு முறிவோடு தப்பினான், அந்த மட்டில் பிள்ளையாருக்குத்தான் நன்றி. இரவில் தார் வீதிச் சூட்டுக்கு மாடுகள் வந்து படுப்பது இங்கே ஓடுகிற எல்லோருக்கும் தெரியும், கறுத்த மாடு என்றால் லைட் வெளிச்சத்திலும் கிட்டப் போகும் வரை கண்ணில் படாது. மாட்டுக்கு உரிமையாளர் என்று ஒருவரும் முன்வரப் போவதில்லை. ஆகவே இப்படியான விபத்தில் உங்கள் பைக்குக்குக் காசு வரவேண்டும் என்றால் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி மற்றவருக்கு வரும் காயத்துக்கும் சேதத்துக்கும்தான், உங்கள் பைக்குக்கு அதில் ஒரு சதமும் வராது. வன்னியில் டக்ஸ் (வாகன வருமான அனுமதிப்பத்திரம்) எடுப்பதற்காக மட்டும் தேர்ட் பார்ட்டி போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் நிறையப் பேர், அவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

அன்றிரவே ஹொட்லைனுக்கு எடுத்தோம். பைக்கைத் தூக்கமுதல் எல்லாப் பக்கத்தாலும் படம் எடுங்கோ, மாட்டையும் மதகையும் சேர்த்து எடுங்கோ என்று மதிப்பீட்டாளர் போனிலேயே சொன்னார். பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியையும் வாங்கினோம். அடுத்த நாள் மதிப்பீட்டாளர் கராஜுக்கு வந்து டாங்கைக் கழற்றச் சொல்லி உள்ளே பார்த்துவிட்டு, "தம்பி, போர்க்கை மாத்தலாம், டாங்கை மாத்தலாம், சேசிஸ் முறுகினதை நிமித்தி ஓடுறது உயிருக்கு ஆபத்து, நான் இதை டோட்டல் லொஸ் எண்டுதான் எழுதுவன்" என்றார். திருத்தி ஓட முடியாத முழு நட்டம் என்று அர்த்தம். பொறுமையாகப் பேசினார், ஒவ்வொரு படத்தையும் எங்களுக்குக் காட்டிய பிறகுதான் அனுப்பினார்.

பிறகுதான் மேசை. பொலிஸியில் காப்புறுதித் தொகை 4 இலட்சத்து 50 ஆயிரம். டோட்டல் லொஸ் என்றால் அந்தத் தொகை முழுவதும் வரும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விபத்துக்கு முந்தின நிமிடம் அந்த பைக் சந்தையில் என்ன விலை போகுமோ அதுவும் காப்புறுதித் தொகையும், இரண்டில் குறைந்ததுதான் அடிப்படை. அதில் எக்சஸ் (நட்டத்தில் நாங்களே ஏற்க வேண்டிய பங்கு) கழியும், உடைந்த பைக்கை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் பெறுமதியும் கழியும். எங்களுக்கு வந்த முதல் கணக்கில் சந்தை விலை 3 இலட்சத்து 60 ஆயிரம், எக்சஸ் 10 ஆயிரம், உடைந்த பைக்குக்கு 60 ஆயிரம், மிச்சம் 2 இலட்சத்து 90 ஆயிரம். இந்தப் பிரிப்பைக்கூட அவர்களாகத் தரவில்லை, எழுத்தில் தாருங்கள் என்று கேட்டு வாங்கினோம். கேட்காவிட்டால் ஒரே தொகையாகச் சொல்லி முடித்திருப்பார்கள், எந்த இடத்தில் குறைத்தார்கள் என்றே தெரிந்திருக்காது.

பிரிப்பு கையில் வந்ததும் வேலை இலகுவானது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பழைய பைக் விற்கிற கடைகளில் அதே மொடல், அதே வருடத்துக்கு விலை எழுதி முத்திரை குத்தி வாங்கினோம். எல்லாம் 4 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். சேர்விஸ் பில்களும் புது டயர் போட்ட பற்றுச்சீட்டும் வைத்தோம். உடைந்த பைக்குக்கு 60 ஆயிரம் என்றதுக்கு, பாட்ஸ் கழற்றி விற்கிறவர் ஒருவர் 25 ஆயிரத்துக்கு மேல் தரமாட்டேன் என்று எழுதித் தந்தார், 60 பெறும் என்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கம்பனிக்குக் கடிதம் போட்டோம். இன்னொன்றும் எழுதினோம்: பொலிஸியைப் புதுப்பிக்கும்போது உங்கள் ஆள்தான் பைக்கைப் படம் எடுத்தார், 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்குத்தான் பிரீமியம் வாங்கினீர்கள், சில மாதத்துக்குள் அது எப்படி 3 இலட்சத்து 60 ஆயிரமானது? இதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை. கடைசியில் 4 இலட்சத்து 40 ஆயிரமாக மதித்து, எக்சஸ் மட்டும் கழித்து, உடைந்த பைக்கை அவர்களே எடுத்து, 4 இலட்சத்து 30 ஆயிரம் தந்தார்கள். லீசிங் பாக்கி 1 இலட்சத்து 15 ஆயிரம் நேரே பினான்ஸ் கம்பனிக்குப் போய், தம்பி கைக்கு 3 இலட்சத்து 15 ஆயிரம் வந்தது.

தம்பி புதுப்பிக்கும்போது தொகையைக் கூட்டிப் போட்டதுதான் பெரிய உதவி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்குகளின் விலை எங்கேயோ போனது, ஆனால் பல பேருடைய பொலிஸியில் பழைய தொகையே கிடக்கிறது. 6 இலட்சம் பெறுமதியான பைக்கை 3 இலட்சத்துக்குப் போட்டிருந்தால், சராசரி விதி (குறைத்துப் போட்ட விகிதத்திலேயே காசு தரும் விதி) உள்ள பொலிஸியில் சின்னத் திருத்தத்துக்கும் பாதிதான் தருவார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியிருக்கிறது, ஆகவே ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அன்றைய விலையைக் கேட்டுப் போடுங்கள். சந்தை விலையைவிடக் கூட்டிப் போட்டாலும் அதற்கு மேல் வராது, வீண் பிரீமியம்.

டிஸ்சார்ஜ் வவுச்சர் என்று ஒரு தாள் தருவார்கள். இத்தோடு எல்லாம் முடிந்தது, இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்பதுதான் அதன் சாரம். எங்களுக்கு முதல் தொகையோடேயே அதை நீட்டி, "சைன் வைச்சால் கெதியாக் காசு வரும்" என்றார்கள். கையில் காசில்லாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடுகிற குடும்பத்திடம் அப்படிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தாளும் ஆங்கிலத்தில், தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருந்தது. தொகை சரியென்று படும் வரை அதில் கையெழுத்து வைக்காதீர்கள். கம்பனி அசையாவிட்டால் முதலில் அவர்களின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவர்) போகலாம், முறையிடுகிறவரிடம் அதற்குக் காசு வாங்குவதில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். எங்களுக்கு அந்தளவுக்குப் போகத் தேவைப்படவில்லை, அடுத்தது ஒம்புட்ஸ்மன்தான் என்று நாங்கள் போட்ட கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்ததோடு சரி.

மதிப்பீட்டாளருக்கு ஐந்துக்கு ஐந்து. மேசைக்கு இரண்டு, அதுவும் கடைசியில் திருத்திக்கொண்டதற்காக. இழுபட்ட காலம் முழுவதும் பைக் கராஜில் நின்றதற்கான வாடகையைத் தரமாட்டோம் என்றுவிட்டார்கள், அது எங்கள் கைக்காசு. தம்பி அடுத்து எடுத்த பைக்கையும் அதே கம்பனியில்தான் போட்டிருக்கிறான், அந்த மதிப்பீட்டாளர் இந்தப் பக்கம் இருக்கிறார் என்பதற்காக.